தம்பியின் பங்கு நிலம்: நான் பாதுகாவலர் ஆவதா, அவனே முடிவெடுக்கத் துணை நிற்பதா?

கோரையாறு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். மன்னார்குடி வட்டத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் அப்பா சென்ற தை மாதம் காலமானார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். வாரிசுச் சான்றிதழில் இருப்பது நானும் என் தம்பியும் மட்டுமே. தம்பிக்கு வயது 38. பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு உள்ளவன். தனித்துவ அடையாள அட்டை வைத்திருக்கிறான். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை பெறுகிறான். அந்தத் தொகை அப்பாவும் அவனும் சேர்ந்து வைத்திருந்த கணக்கில் வந்துகொண்டிருந்தது. அப்பா இறந்த செய்தியைச் சொன்னதும், நீதிமன்றத்திலிருந்து பாதுகாவலர் உத்தரவு கொண்டுவந்தால்தான் இனி பணம் எடுக்க முடியும் என்று வங்கிக் கிளையில் சொல்லிவிட்டார்கள்.

அப்பா விட்டுச் சென்றது ஏழு மா நஞ்சையும் ஓட்டு வீடும். பங்காளி ஒருவர் நிலத்தில் ஒரு பகுதியை விலைக்குக் கேட்கிறார். "நீயே பாதுகாவலர் ஆகிவிடு, இரண்டு பேருக்கும் நீயே கையெழுத்துப் போட்டுவிடலாம்" என்று சுற்றத்தார் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்.

தம்பியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அறுப்பு முடிந்து கொள்முதல் நிலையத்தில் நெல் எடை போடும்போது, ஒவ்வொரு 40 கிலோ மூட்டைக்கும் ஒரு வைக்கோல் துரும்பை ஒடித்து மடியில் போட்டுக்கொள்வான். வீட்டுக்கு வந்ததும் திண்ணையில் கொட்டிப் பத்துப் பத்தாக அடுக்குவான். எழுத்தர் எழுதிய எண்ணிக்கையும் அவன் துரும்புக் கணக்கும் இன்றுவரை மாறியதில்லை. ஆனால் அத்தனை மூட்டைக்கும் எவ்வளவு ரூபாய் என்று கேட்டால் அவனால் சொல்ல முடியாது. 500 ரூபாய்த் தாளை நிறத்தை வைத்து அறிவான். அதற்கு மேல் கூட்டத் தெரியாது.

"உனக்கும் சேர்த்து நானே கையெழுத்துப் போடட்டுமா?" என்று அவனிடம் கேட்டேன். "நான்தான் இருக்கேனேக்கா, எனக்கு ஏன் நீ போடணும்?" என்றான். அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல்தான் இங்கே வந்திருக்கிறேன்.

வெட்டாறு

திருவாரூர் நீதிமன்றங்களில் வழக்கறிஞராக இருக்கிறேன். அம்மா, உங்கள் தம்பி கேட்ட கேள்வியைத்தான் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமும் கேட்கிறது. அதன் 13-ஆவது பிரிவு, சொத்து வைத்திருக்கவும், வாரிசாகப் பெறவும், தம் பணத்தைத் தாமே நிர்வகிக்கவும், வங்கிக் கடன் பெறவும் மாற்றுத்திறனாளிகளுக்கு மற்றவர்களுக்குச் சமமான உரிமை உண்டு என்கிறது. சட்டத் தகுதி இல்லாதவர் என்று ஒருவரைத் தொடக்கத்திலேயே முத்திரை குத்த அங்கே இடமில்லை. 14-ஆவது பிரிவைக் கவனமாகப் படிக்க வேண்டும். போதிய, பொருத்தமான துணை கொடுத்துப் பார்த்த பிறகும் ஒருவரால் சட்டப்படி செல்லத்தக்க முடிவை எடுக்க இயலவில்லை என்று மாவட்ட நீதிமன்றமோ அரசு அறிவித்த அமைப்போ கண்டால் மட்டுமே, வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் நியமிக்கப்படலாம். அந்தப் பாதுகாவலரும் ஒரு குறிப்பிட்ட முடிவுக்கு, ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு, அந்த நபரின் விருப்பத்தை ஒட்டி, அவரைக் கலந்துகொண்டு செயல்பட வேண்டியவரே. வேறு எந்தச் சட்டத்தின் கீழ் நியமிக்கப்பட்ட பாதுகாவலரும் இச்சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து வரையறுக்கப்பட்ட பாதுகாவலராகவே கருதப்படுவார் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இதைப் பல அலுவலகங்களில் நான் எடுத்துக்காட்டிப் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

இன்னொரு வழி, 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும் அது பொருந்தும். மாவட்ட ஆட்சியர், பதிவுபெற்ற அமைப்பின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் அடங்கிய உள்ளூர் அளவிலான குழு பாதுகாவலரை நியமிக்கலாம். உங்கள் தம்பிக்கு இது பொருந்தும் என்பதால், நீதிமன்ற உத்தரவுதான் வேண்டும் என்று கிளையில் சொன்னது தவறு. அந்தக் குழுவின் சான்றிதழை ஏற்கும்படி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு ஏற்கெனவே அறிவுறுத்தியிருக்கிறது. ஆனால் குழுவும் முதலில் இரண்டைப் பார்க்க வேண்டும்: இவருக்குப் பாதுகாவலர் தேவையா, தேவையென்றால் எந்தெந்தக் காரியத்துக்கு.

உங்கள் தேவைகளைப் பிரித்துப் பாருங்கள். வாரிசு அடிப்படையில் கூட்டுப் பட்டாவில் பெயர் சேர்ப்பதற்குப் பாதுகாவலர் வேண்டியதில்லை. நோயோ குறைபாடோ இருப்பதால் யாரும் வாரிசுரிமையை இழப்பதில்லை என்று 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் 28-ஆவது பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. வங்கிக் கணக்குக்கும் துணை போதும் என்பது என் கருத்து. பாகப்பிரிவினையும் விற்பனையும் மட்டுமே பெரிய காரியங்கள். அவற்றுக்கு இப்போது என்ன அவசரம் என்று பங்காளியைக் கேளுங்கள்.

அரசலாறு

கும்பகோணம் பக்கம் கூட்டுறவு வங்கியில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். வெட்டாறு ஐயா சொல்லும் சட்டத்தில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவரின் அச்சத்தையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். நாளைக்கு ஒருவர் வந்து, "அவருக்கு ஒன்றும் தெரியாது, ஏமாற்றிப் பணம் எடுத்துவிட்டார்கள், நீங்கள் எப்படிக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அந்த ஊழியர். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 12-ஆவது பிரிவில் 'தெளிந்த மனம்' என்று சொல்லி வைத்திருப்பதுதான் எங்களுக்குப் பயிற்சியில் மனப்பாடமாக இருந்தது. அதனால்தான் ஒரு சான்றிதழ் இருந்தால் நிம்மதி என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்துப் பலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இப்போது அது உறுத்துகிறது.

கோரையாறு அம்மாவுக்குப் பயன்படக்கூடிய ஒரு செய்தி. முதுமையாலோ நோயாலோ உடல் இயலாமையாலோ கையெழுத்திட முடியாத வாடிக்கையாளர் கைரேகை வைத்துப் பணம் எடுக்க விதி இருக்கிறது. வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும். அவர்களில் ஒருவர் வங்கி அலுவலராக இருக்க வேண்டும். இந்த விதி அறிவுசார் குறைபாட்டுக்காக எழுதப்பட்டதன்று. ஆனாலும், உதவியாளர் பக்கத்தில் நிற்க வாடிக்கையாளரே தன் கணக்கை நடத்துவது வங்கிக்குப் புதிய பழக்கம் அல்ல என்பதை மேலாளருக்கு எடுத்துச் சொல்ல உதவும். தேவையற்ற அச்சம் தீர, ஏடிஎம் அட்டை இல்லாத கணக்காகக் கேளுங்கள்.

வீரசோழன்

மயிலாடுதுறை. என் மகனுக்கு ஆட்டிசம்; வயது 27. அவனுக்குப் பேச்சு இல்லை. நான் உள்ளூர்க் குழுவில் விண்ணப்பித்துப் பாதுகாவலர் ஆனவள், அதில் எனக்கு வருத்தமும் இல்லை. மன்னிக்க வேண்டும், 'துணை நின்று முடிவெடுக்க வைப்பது' என்று கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் தலையாட்டும் பிள்ளையை வைத்துக்கொண்டிருப்பவளுக்கு, அந்தத் தலையாட்டலை யார் வேண்டுமானாலும் 'அவனே சம்மதித்தான்' என்று எழுதிக்கொள்ளலாம் என்பதுதான் முதலில் தோன்றும். பாதுகாவலருக்காவது ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. நியமனமான ஆறு மாதத்துக்குள் சொத்து விவரப் பட்டியல் கொடுத்தேன். ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் கொடுத்து வருகிறேன். கணக்கில் தவறு செய்தால் என்னை நீக்கலாம். துணை என்ற பெயரில் பக்கத்தில் வந்து உட்காரும் மாமனையோ சித்தப்பனையோ யார் கணக்குக் கேட்பார்கள்?

எனக்குப் பிறகு யார் என்பது வேறு கவலை. இரவில் அதை நினைத்தால் தூக்கம் வராது.

குடமுருட்டி

திருவையாற்றுப் பக்கம் இருக்கிறேன். எனக்கு இருமுனைய மனநிலைக் கோளாறு என்று கண்டறிந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. இந்த இழையில் இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் துணை கொடுப்பவர்கள். துணை பெறுகிற இடத்திலிருந்து நான் எழுதுகிறேன்.

முதல் முறை நோய் முற்றியபோது, எனக்காக முடிவெடுக்கிறோம் என்று உறவினர்கள் என்னிடமிருந்து ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். நான் தெளிந்து எழுந்தபோது என் பெயரில் இருந்த மனைக்கட்டு இல்லை. அவர்கள் கெட்டவர்களும் அல்லர். மருத்துவச் செலவுக்காகத்தான் விற்றார்கள். ஆனால் எனக்குத் தெளிவு திரும்பும் வரை நான்கு வாரம் காத்திருந்தால் நானே வேறு வழி சொல்லியிருப்பேன் என்பதை இன்றுவரை அவர்களுக்குப் புரியவைக்க முடியவில்லை.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி நான் இப்போது முன்கூட்டிய அறிவுறுத்தல் எழுதி வைத்திருக்கிறேன். சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் திறனை நான் இழந்திருக்கும் நாட்களில் எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பது அதில் இருக்கிறது. அந்த நாட்களில் எனக்குத் துணை நிற்க நான் நியமித்த பிரதிநிதி குடும்பத்தார் அல்லர். பள்ளியிலிருந்து கூடவே வரும் நண்பர். அந்த அறிவுறுத்தல் சிகிச்சைக்கு மட்டுமே செல்லும், பணத்துக்குச் செல்லாது என்பதால், பண விஷயத்துக்கு நாங்கள் இருவரும் தனியே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். தூக்கம் தொடர்ந்து மூன்று இரவு கெட்டால் ஏடிஎம் அட்டையை அவரிடம் நானே கொடுத்துவிடுவேன். 10,000 ரூபாய்க்கு மேல் எதை வாங்குவதாக இருந்தாலும் ஒரு வாரம் தள்ளிப்போடுவேன். தெளிவாக இருக்கும் நாளில், என் வாயால், நான் விதித்துக்கொண்ட ஏற்பாடு அது. இதுவரை இரண்டு முறை என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

வெண்ணாறு

நீடாமங்கலம் சுற்று வட்டாரத்தில் சிறப்புக் கல்வியாளராக 20 ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்கிறேன். வீரசோழன் அம்மாவின் அச்சம் முழுக்க நியாயமானது. அதைக் கடந்து போகாமல் அங்கிருந்தே தொடங்குகிறேன். நம் பிள்ளைகள் தலையாட்டுவதற்குக் காரணம், மறுத்தால் திட்டு விழும் என்று சிறு வயதிலேயே கற்றுக்கொண்டதுதான். ஆகையால் "சரிதானே?" என்று கேட்டுப் பெறும் "சரி"யை நான் முடிவாக எடுத்துக்கொள்வதில்லை. அதே விஷயத்தை வேறொரு நாளில், வேறொருவர் மூலம், வரிசையை மாற்றிக் கேட்போம். முதலில் சொல்வதையே தேர்ந்தெடுக்கிறாரா, கடைசியில் சொல்வதையா என்று பார்ப்போம். பதில் மூன்று முறையும் ஒன்றாக இருந்தால்தான் எழுதுவோம். பேச்சு இல்லாதவரிடம் இது இன்னும் பொறுமையான வேலை. எந்த வீட்டில் சாப்பிடுகிறார், யார் வந்தால் எழுந்து உள்ளே போகிறார் என்பதெல்லாம் விருப்பத்தின் மொழிதான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் 1996-இல் இயற்றிய சட்டம், ஒருவர் தமக்கு உதவியாளரை அமர்த்திக்கொள்ள முடியுமா என்று பார்க்கும்போது, விருப்பு வெறுப்பைக் காட்டுகிறாரா, அந்த உதவியாளரோடு நம்பிக்கை கலந்த உறவு இருக்கிறதா என்பவற்றையும் கணக்கில் கொள்கிறது. நான் அறிந்தவரை, நம் வீடுகளில் அம்மாக்கள் இதைத்தான் நாள்தோறும் கவனிக்கிறார்கள். எழுதி வைப்பதில்லை, அவ்வளவுதான்.

கோரையாறு அம்மா, உங்கள் தம்பியிடம் ஒரு அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. அவர் துரும்பில் கணக்குப் போடுகிறார். ரூபாயை அவருக்குக் கற்றுக்கொடுக்க முயல்வதைவிட, ரூபாயைத் துரும்பாக மாற்றுங்கள். ஒரு மூட்டை நெல் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாத உதவித்தொகை இரண்டு துரும்பு. பங்காளி சொல்லும் விலையை அதே கணக்கில் திண்ணையில் அடுக்குங்கள். பக்கத்தில், அந்த நிலம் ஒரு போகத்தில் தரும் மூட்டைகளை அடுக்குங்கள். அடுத்த போகம், அதற்கடுத்த போகம் என்று தள்ளித் தள்ளி வையுங்கள். விற்றால் ஒரு குவியல் ஒரே தடவை வரும், வைத்திருந்தால் சிறு குவியல் வந்துகொண்டே இருக்கும் என்பதை அவர் கண்ணால் பார்க்கட்டும். வங்கிக்குப் போவதற்கு முன் ஒரு நாள் வேலை எதுவும் இல்லாமல் சும்மா கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டு வாருங்கள். சந்தடி இல்லாத காலை நேரமாக இருக்கட்டும்.

ஒரே ஆள் எல்லாவற்றுக்கும் துணையாக இருக்க வேண்டாம். பணத்துக்கு ஒருவர், மருத்துவத்துக்கு ஒருவர், நிலத்துக்கு ஒருவர் என்று தம்பியே கைகாட்டட்டும். யார், எதற்கு, எதுவரை என்பதை ஒரு நோட்டில் எழுதி, அவர் சொன்ன சொற்களை அப்படியே பதிந்து, ஆண்டுக்கு ஒரு முறை அவர் முன்னால் படித்துக் காட்டுங்கள். பிடிக்காதவரை மாற்றும் உரிமை அவருக்குச் சட்டப்படியே இருக்கிறது. "யார் கணக்குக் கேட்பார்கள்" என்ற கேள்விக்கு, இந்த நோட்டுத்தான் என்னால் தர முடிந்த பதில். அது போதாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வேறு சில நாடுகளில் இதைப் பதிவு செய்யவும் மேற்பார்க்கவும் தனி அலுவலகம் உண்டு. அயர்லாந்தில் 2015-இல் சட்டம் இயற்றி, 2023-இல் அப்படி ஒரு சேவையைத் தொடங்கினார்கள். நமக்குத் தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ அப்படிப் போய் நிற்க ஒரு கதவு இல்லை என்பதுதான் என் பெரிய மனக்குறை.

ஒன்றைச் சொல்லத் தயங்குகிறேன், ஆனாலும் சொல்ல வேண்டும். பாகப்பிரிவினையில் நீங்களும் ஒரு பங்குதாரர். அந்த ஒரு காரியத்தில் நீங்கள் தம்பிக்குத் துணையாக இருக்க முடியாது. இருவரின் நலன்களும் மோதும் பரிவர்த்தனையில் துணை நிற்பவர் விலகிக்கொள்ள வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆவது பிரிவே சொல்கிறது. இரத்த உறவு என்பதற்காக மட்டும் யாரையும் சந்தேகிக்கக் கூடாது என்றும் அதே இடத்தில் சொல்கிறது. ஆனால் ஒரே நிலத்தைப் பிரித்துக்கொள்ளும் இருவர் என்பது வெறும் உறவைவிடக் கூடுதலான விஷயம்.

கடைசியாக ஒரு அனுபவம். எங்களிடம் வந்த ஐம்பது வயதை நெருங்கிய பெண்மணி ஒருவர், சேர்ந்திருந்த உதவித்தொகையில் ஆடு வாங்க வேண்டும் என்றார். வீட்டில் எல்லோரும் வைப்புநிதியில் போடச் சொன்னார்கள். நாங்கள் இரண்டையும் விளக்கிச் சொன்னோம். அவர் ஆட்டையே தேர்ந்தெடுத்தார். ஐப்பசி மழையில் ஆடு செத்துப்போனது, எனக்கு வந்த ஏச்சுக்கு அளவில்லை. அடுத்த தையில் அவர் மறுபடி ஆடு வாங்கினார். இந்த முறை தரை நனையாமல் மூங்கில் பரண் கட்டிய பிறகு.

கோரையாறு

நான் முரண்பட்ட இடத்தில் இருக்கிறேன் என்று படித்தபோது முதலில் கோபம் வந்தது. 38 ஆண்டுகளாக அவனுக்குச் சோறு ஊட்டியவளைப் பார்த்து இப்படிச் சொல்வதா என்று தோன்றியது. இரண்டு நாள் கழித்து மறுபடி படித்தேன். பிரித்தால் வீட்டை ஒட்டிய பகுதியை அவனுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று அவனைக் கேட்காமலேயே நான் மனத்தில் முடிவு செய்து வைத்திருந்தேன். நீர் ஏறுவதற்கு வசதியான மேல்மடைப் பகுதி என் பக்கம் வரும் என்பதும் எனக்குத் தெரியும். வெண்ணாறு சொன்னது சரி. அப்படியானால் நிலத்துக்கு அவன் பக்கம் யார் நிற்பது?

வெட்டாறு

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். வட்டத்திலும் அதன் குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 12-ஆவது பிரிவின்படி மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. விண்ணப்பம் தம்பியின் பெயரில் இருக்கட்டும். வழக்கறிஞர் அவரைத் தனியாகச் சந்திக்கட்டும். யாராவது மிரட்டினாலோ பறிக்க முயன்றாலோ 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆவது பிரிவின் கீழ் நிர்வாக நடுவரிடம் புகார் செய்யலாம்.

தனிச் செய்தியில் ஒருவர் தம் தந்தையின் மறதி நோய் பற்றிக் கேட்டிருந்தார். பலருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே சுருக்கமாகச் சொல்கிறேன். பொது அதிகார ஆவணம் (பவர் பத்திரம்) எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால், ஒப்பந்தச் சட்டம் 201-ஆவது பிரிவின்படி அந்த அதிகாரமும் முடிந்துபோகிறது. ஆகவே 'அப்பாவுக்கு முடியாமல் போனால் இது இருக்கிறது' என்று அதை நம்பி இருந்துவிடாதீர்கள். நோயின் தொடக்கத்திலேயே, அவர் சொல்ல முடிகிற நாளிலேயே, உயில், மருத்துவ விருப்பம், வங்கி ஏற்பாடு ஆகியவற்றை அவர் வாயால் கேட்டு எழுதுங்கள். நினைவே இல்லாமல் படுத்துவிட்டவர்களுக்கு, உயர் நீதிமன்றத்தில் அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆவது பிரிவின் கீழ் மனுச் செய்து பாதுகாவலர் நியமனம் பெறுகிறார்கள்.

வீரசோழன்

வெண்ணாறு எழுதியதைப் படித்த பின் ஒரு நோட்டு வாங்கினேன். என் மகன் என்னென்ன பிடிக்கும் என்று காட்டுகிறான், யாரிடம் போகிறான் என்பதைத் தேதி போட்டு எழுதத் தொடங்கியிருக்கிறேன். பாதுகாவலர் பொறுப்பை நான் விடப்போவதில்லை. எனக்குப் பிறகு வருகிறவர் படிக்க ஏதாவது இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கோரையாறு

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். கிளைக்கு நானும் தம்பியும் அரசலாறு ஐயா சொன்ன விவரங்களோடு மறுபடி போனோம். இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை எழுத்து மூலம் மறுப்புத் தரும்படி கேட்டோம், அன்றைக்கே விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். தம்பி பெயரில் தனிக் கணக்கு வந்துவிட்டது. முதல் முறை பணம் எடுத்தபோது மை தடவிய கட்டைவிரலைத் துடைக்க விடாமல் வீடு வரை அப்படியே நீட்டிக்கொண்டு வந்தான். கூட்டுப் பட்டாவுக்கும் விண்ணப்பித்துவிட்டோம்.

சட்டப் பணிகள் குழு அமர்த்திய வழக்கறிஞர் அம்மா இரண்டு தடவை வந்தார். என்னை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு அவனோடு வயலுக்குப் போனார். வரப்பில் துரும்பு குத்திக் காட்டச் சொல்லியிருக்கிறார். வீட்டை ஒட்டிய பகுதி என்று நான் நினைத்திருந்ததை அவன் திரும்பியே பார்க்கவில்லையாம். ஆழ்குழாய்க் கொட்டகையும் அப்பா உட்காரும் புங்க மரமும் இருக்கிற மேல்மடைப் பக்கத்தில்தான் நான்கு மூலையிலும் குத்தியிருக்கிறான். இரண்டாம் முறை வேறு வழியாகக் கூட்டிப்போய்க் கேட்டபோதும் அதே இடம். பங்காளி விலைக்குக் கேட்டதும் அந்த இடத்தைத்தான்.

பத்திரம் இன்னும் எழுதவில்லை. எப்போது எழுதலாம் என்று வழக்கறிஞர் அவனைக் கேட்டிருக்கிறார். குறுவை அறுப்பு முடியட்டும், மூட்டை எண்ண வேண்டியிருக்கிறது என்று சொல்லியிருக்கிறான். காத்திருக்கிறோம்.